கொசுறாக வந்த கதை

4

அந்தக் கதையில் அவளுடைய சமையலறை இருந்தது.

ஏதோ ஒரு சமையலறை இல்லை, அவளுடையதேதான். சுவரில் மூன்று கொக்கி, நடுக் கொக்கி மட்டும் காலி. குழாயின் கழுத்தில் சுற்றிய பச்சை டேப். முழங்கையால் இரண்டு இடி கொடுத்தால்தான் திறக்கும் ஜன்னல். எட்டு வருடமாக ஒரு ஈ காக்கையைக்கூட வீட்டுக்குள் விடாதவளின் சமையலறை, யாரோ முகம் தெரியாத ஆள் எழுதிய கதையில் பாத்திரம் பண்டத்தோடு உட்கார்ந்திருந்தது.

மெழுகு அந்த மூன்று காகிதங்களையும் ஸ்டெனோ அம்மாவின் மேசையில் வைத்துவிட்டுக் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு வார்த்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்கிற கை. மெழுகு என்கிற புனைபெயரும் அங்கிருந்து வந்ததுதான். வேலையில் ஒரு நாளும் நடுங்காத கை இப்போது சொன்ன பேச்சு கேட்கவில்லை.

"இதை எழுதினவங்க எங்க வீட்டுக்குள்ள வந்திருக்காங்க மேடம். நான் இல்லாதப்போ."

ஸ்டெனோ அம்மா இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். ஊரார் சொன்ன பொய்களை ஒரு எழுத்து விடாமல் எழுதி எழுதிச் சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறியக் கிளம்பியவர். பேச்சிலும் சுருக்கெழுத்துதான். அவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் அவருடைய உதவியாளன் பேசித் தீர்த்தான். அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, முதல்ல எனக்கு ஒண்ணு புரிய வையுங்க," என்றான் ரேடியோ. "'ஏழாவது படகு' தொடர் முடிஞ்சு பத்து வருஷம் ஆச்சு. அதுல வர்ற கேப்டனையும் சமையல்காரியையும் வச்சு நீங்கள்லாம் இன்னும் கதை எழுதறீங்க. சரி, பொழுது போகணும். அதை ஒருத்தருக்கொருத்தர் பரிசா வேற குடுத்துக்கறீங்களா?"

அவள் விட்டு விட்டுச் சொன்னாள். வருடத்துக்கு ஒரு முறை நடப்பது அது. ரசிகர்கள் ஐம்பது அறுபது பேர் தேறுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். எனக்கு வரும் கதையில் இது இருந்தால் மகிழ்வேன், இது மட்டும் இருக்கவே கூடாது என்று. நடத்துகிறவர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, யாருக்கு யார் எழுதுவது என்று ரகசியமாகப் பிரித்துக் கொடுப்பார். கதை வந்துவிடும், எழுதியவர் பெயர் ஒரு வாரம் கழித்துத்தான் வெளியாகும். பட்டியல்கள் எல்லோர் பார்வைக்கும் தளத்தில் கிடக்கும். ஒருவர் பட்டியல் இன்னொருவருக்குப் பிடித்துப்போனால், யார் வேண்டுமானாலும் கூடுதலாக ஒரு கதை எழுதி அனுப்பலாம். அதற்குக் கொசுறு என்று பெயர்.

"எனக்கு முறையா ஒண்ணு வந்துச்சு. இது கொசுறு."

"காய்கறிக் கடையில கொசுறுன்னா ரெண்டு மிளகாய் போடுவாங்க. இங்க ஒரு சமையலறையையே போட்டிருக்காங்க."

ஸ்டெனோ அம்மா ஒரு பார்வை பார்த்தார். ரேடியோவின் ஒலி குறைந்தது.

"யார்னு நினைக்கிறீங்க?"

"என் புருஷன்."

சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லியே வருடக்கணக்காகிறது. வேலைக்குப் போகும்போது அவளையும் கைக்குழந்தையையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிற மனிதன் அவன். ஒரு நாள் சாவியைக் கேட்டதற்கு மணிக்கட்டை உடைத்தான். குழந்தைக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவள் வெளியேறினாள். இவர்கள் இருக்கும் பக்கமே வரக் கூடாது என்று கோர்ட்டு அவனுக்கு உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, அவன் தெருவில் இருந்தான். இது அவளுக்கு மூன்றாவது ஊர்.

"நான் 'ஏழாவது படகு' பாக்கும்போது டிவி ஒயரைப் பிடுங்கிப் போடுவாரு. எனக்கு அது உசிருன்னு அவருக்குத் தெரியும் மேடம்."

ரேடியோ கடைசிக் காகிதத்தை எடுத்து உரக்க வாசித்தான். "'படகுத்துறையில் ஒரு ஆள் நின்றிருந்தான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்கு வந்தான். சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நின்றான். அவன் சமையல்காரியைத் தேடி வந்திருந்தான்.'" நிறுத்தினான். "மேடம், இன்னைக்கு வியாழக்கிழமை."

அதனால்தான் அவள் இன்றைக்கு வந்திருந்தாள்.

"உங்க பட்டியல் இருக்கா?" என்றார் ஸ்டெனோ அம்மா.

இருந்தது. வேண்டாதவை என்ற தலைப்பின் கீழ் அவள் எழுதியிருந்தாள்: வெளியிலிருந்து பூட்டிய கதவு வேண்டாம். உடைந்த கை வேண்டாம். அழுகிற குழந்தை வேண்டாம். திருந்திவிட்டேன் என்று திரும்பி வருகிற ஆண் வேண்டவே வேண்டாம். வேண்டியவை: பயம் வரலாம், எனக்குப் பயக் கதை பிடிக்கும். ஆனால் பயப்படுகிறவள் தனியாக இருக்கக் கூடாது. கெட்ட செய்தி வருவதானால் அவள் சாப்பிட்டு முடித்த பிறகு வரட்டும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லட்டும்.

ஸ்டெனோ அம்மா பட்டியலைக் கதையின் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் விரலை ஓட்டினார். 

"உங்களை மிரட்டணும்னு ஒருத்தன் உக்கார்றான். எதுக்கெல்லாம் நடுங்குவீங்கன்னு நீங்களே எழுதி ஊருக்கே காட்டியிருக்கீங்க. அவன் அதுல ஒண்ணைக்கூடத் தொடல. பூட்டு இல்ல. கை உடையல. குழந்தையே இல்ல. சமையல்காரி முதல் பக்கத்துல சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வச்சாச்சு. அப்புறம்தான் அந்த ஆள் வர்றான்." தலையை நிமிர்த்தினார். "மிரட்ட வர்றவன் இவ்வளவு மரியாதையா மிரட்ட மாட்டான்."

"அப்போ சாவிக்கொத்து?" என்றாள் மெழுகு. "அவரு அப்படித்தான் சுத்துவாரு. அதை நான் எங்கயும் எழுதல."

"அதுதான் எனக்கும் இடிக்குது. வாங்க."

* * *

பரிமாற்றத்தை நடத்துகிறவர் இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் மூக்கில் சட்டத்தைப் பொருத்திக்கொண்டே, வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கல்லாகிவிட்டது.

"பேரை மட்டும் கேக்காதீங்க. பன்னெண்டு வருஷமா நடத்தறேன். என் பொண்டாட்டியும் இதுல கலந்துக்கறா, அவளுக்கே யார் எழுதினதுன்னு முன்னாடி சொன்னதில்ல."

"அதான் வீட்ல சோறு கிடைக்காத மாதிரி சோர்ந்து தெரியறீங்க," என்றான் ரேடியோ.

"பேர் வேண்டாம்," என்றார் ஸ்டெனோ அம்மா. "இந்தக் கொசுறுல ஏதாவது கோளாறு இருந்துச்சா? திருப்பி அனுப்பினீங்களா?"

கடைக்காரர் யோசித்தார். பெயர் சொல்லக் கூடாது என்றுதான் விதி, கோளாறு சொல்லக் கூடாது என்று விதி இல்லை.

"ஒரு தடவை அனுப்பினேன். ஐநூறு வார்த்தைக்குக் குறைஞ்சா நாங்க எடுத்துக்கறதில்ல. இது நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு இருந்துச்சு. பத்தே நிமிஷத்துல மறுபடி வந்துருச்சு. சரியா ஐநூறு."

"ஒம்பது வார்த்தை," என்று முணுமுணுத்தார் ஸ்டெனோ அம்மா. காகிதங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு இன்னோர் இடத்தில்.

ரேடியோ எட்டிப் பார்த்தான். "'கடல் மிக மிக மிக மிக நீளமாக இருந்தது.' நாலு. இங்க பாருங்க, 'இரவு மிக மிக மிக மிக மிகக் கறுப்பாக இருந்தது.' அஞ்சு. நாலும் அஞ்சும் ஒம்பது! மேடம், கட்டுரைக்குப் பக்கம் பத்தலன்னா ஸ்கூல்ல நானும் இதையேதான் பண்ணினேன்."

"தெரியுது," என்றார் ஸ்டெனோ அம்மா.

மெழுகு இதில் எதையும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று பத்து. மகளுக்குப் பள்ளி விட்டிருக்கும். இன்னும் கால் மணி நேரத்தில் தனியாக வீட்டுக்குள் நுழைவாள். 

"மேடம், என் பொண்ணு வீட்ல தனியா இருப்பா."

* * *

டாக்ஸியில் ரேடியோகூடப் பேசவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மெழுகு முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க சாப்பாட்டு மேசைக்கு அடியில ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கா?" என்று திடீரென்று கேட்டார் ஸ்டெனோ அம்மா.

"தெரியாதே மேடம்."

"கதையில இருக்கு. 'மேசைக்கு அடியில் ஒரு ஆணி, அதில் பாவாடை மாட்டும்.' அலமாரியோட மேல் தட்டுல என்ன வச்சிருக்கீங்க?"

"டார்ச், மருந்து டப்பா, பழைய பில்லு..."

"கதையில என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'மேல் தட்டில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாத மர்மம்.' வீடு புகுந்து வேவு பாக்கறவன் மேசைக்கு அடியில படுத்துப் பாத்துட்டு, மேல் தட்டைத் திறக்காமலா போவான்?" கொஞ்சம் நிறுத்தினார். "மேசைக்கு அடி தெரியும். மேல் தட்டு எட்டாது. வார்த்தை பத்தலன்னா மிக மிகன்னு போடும். இப்ப சொல்லுங்க, யாரு?"

மெழுகு மனசுக்குள் கணக்குப் போட்டாள். பதினொரு வயது. நாலடி உயரம். வீட்டில் அழைப்பது வாண்டு என்று. அம்மாவின் கணினியில்தான் வீட்டுப்பாடம் செய்யும்.

"வாண்டு," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாலு நாளாகத் தூங்காமல், கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது தன் மகள் எழுதிய பரிசுக் கதைக்காகவா?

"கேஸ் முடிஞ்சுது!" என்று ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தான். "குற்றவாளிக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து..."

"சமையலறையைப் பாத்து எழுதினா," என்றார் ஸ்டெனோ அம்மா. அவர் சிரிக்கவில்லை. "கொக்கி, டேப், ஆணி, எல்லாம் கண்ணால பாத்தது. ஒண்ணுகூடக் கற்பனை இல்ல. அப்போ கடைசிப் பக்கத்தை மட்டும் எதைப் பாத்து எழுதினா?"

டாக்ஸி நின்றது. மெழுகு சில்லறை வாங்காமல் படியேறி ஓடினாள்.

* * *

வாண்டு மேசையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மாவுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இரண்டு புது ஆட்களைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"படிச்சிட்டியாம்மா?"

"படிச்சேன். யாரு அந்த ஆளு?"

"நீ சாப்பிட்டியா?"

"வாண்டு, நான் கேக்கறது..."

"மொதல்ல சாப்பிடு." ஜாம் தடவிய ரொட்டியை அம்மா பக்கம் நகர்த்தினாள். சின்னக் கை, ஆனால் பிடிவாதமாக நகர்த்தியது. "சாப்பிட்டு முடி. அப்புறம் சொல்றேன்."

மெழுகு ஸ்டெனோ அம்மாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். மெழுகு உட்கார்ந்தாள். ரொட்டியை எடுத்துக் கடித்தாள். மென்று மென்று விழுங்கினாள். மகள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் தோள் இடிக்கும்படி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மூணு வாரம் முன்னாடி ஸ்கூல் விட்டு வரும்போது கீழ ஒருத்தர் நிறுத்தினாரு. இந்த வீதியில ரயில் சத்தம் கேக்கிற, எதிர்ல தண்ணித்தொட்டி தெரியற வீடு எதுன்னு கேட்டாரு."

மெழுகு கண்ணை மூடிக்கொண்டாள். அது அவளே எழுதிய வாக்கியம். போன வருடப் பட்டியலில், தனக்காக எழுதப்போகிற முகமறியா நண்பருக்கு, இதோ இப்படி ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் உங்கள் கதையைப் படிப்பேன் என்று ஆசை ஆசையாக எழுதியது. தெருமுனையில் மரம் அறுக்கும் பட்டறை இருப்பதைக்கூட விடவில்லை. எழுதுகிறவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். கடைசியில் அது உதவியது அவனுக்கு.

"அப்புறம் ஒரு போட்டோ காட்டினாரு. இவங்களைத் தெரியுமான்னு. உன் கல்யாண போட்டோ. பக்கத்துல அவரு. அதனாலதான் யாருன்னு தெரிஞ்சுது." வாண்டு ஜாம் கத்தியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "என்னை அவருக்குத் தெரியல."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா.

"தெரியும்னு சொன்னேன்."

"ஐயோ!" என்றான் ரேடியோ.

"தெரியாதுன்னா வேற யாரையாவது கேப்பாருல்ல? எதிர் கட்டடம், மூணாவது மாடி, ஊருக்குப் போயிருக்காங்க, ஒரு வியாழக்கிழமை வருவாங்கன்னு சொன்னேன். அந்த வீடு காலியா பூட்டித்தான் கெடக்கு. வியாழக்கிழமை அந்த வாட்ச்மேனுக்கு லீவு."

ஸ்டெனோ அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நேர்த்தியான பொய்யை அவர் எழுதியதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?" மெழுகின் குரல் உடைந்தது. "மூணு வாரமா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அப்பான்னு ஆரம்பிச்சாலே உனக்குக் கை நடுங்குது. அப்புறம்தான் உன் பட்டியலைப் பாத்தேன். உனக்கு எப்படிச் சொன்னா தாங்கும்னு அதுல எழுதியிருந்துச்சு. அதே மாதிரி எழுதினேன்." தயங்கினாள். "வேண்டாதது எதையும் போடலம்மா. ரெண்டு தடவை சரி பாத்தேன்."

 பயப்படுகிறவள் தனியாக இருக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பார்க்க எழுதி வைத்தவள், பதினொரு வயதுப் பெண்ணை மூன்று வாரம் தனியாகப் பயப்பட விட்டிருந்தாள்.

கீழே பார்த்துக்கொண்டிருந்த ரேடியோ ஜன்னலிலிருந்து பின்வாங்கினான். "மேடம். நாலு மணி."

அவன் வந்திருந்தான். இவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். முடி கொட்டியிருந்தது. தோள் அதே தோள். விரலில் சாவிக்கொத்து சுற்றிக்கொண்டிருந்தது. மெழுகின் மணிக்கட்டு, ஒட்டி எட்டு வருடம் ஆன எலும்பு, விண்ணென்று வலித்தது.

அப்போது எதிர்க் கட்டடத்தின் வாசலில் இருந்து வாட்ச்மேன் வெளியே வந்தார்.

"இன்னைக்கு அவருக்கு லீவாச்சே!" என்றாள் வாண்டு. முதல் முறையாக அவள் குரலில் குழந்தை தெரிந்தது.

வாட்ச்மேன் ஏதோ கேட்டார். அவன் போட்டோவை நீட்டினான். வாட்ச்மேன் பார்த்தார், தலையாட்டினார், மூன்றாவது மாடியைக் காட்டி, அங்கே யாரும் இல்லை என்று கையை விரித்தார். பிறகு யோசித்தார். கை மெல்ல உயர்ந்து, தெருவைத் தாண்டி, இந்தக் கட்டடத்தைக் காட்டியது.

அவன் திரும்பினான்.

"நான் போய் அவர்கிட்ட வழி கேக்கறேன்," என்றான் ரேடியோ. அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் வழி கேட்டு எவனும் அரை மணி நேரத்துக்குள்ள தப்பிச்சதில்ல." சொல்லிக்கொண்டே படிகளில் தடதடவென்று இறங்கினான்.

மெழுகு உள்ளே ஓடினாள். கட்டிலுக்கு அடியில் எப்போதும் தயாராக ஒரு பை இருக்கும். இரண்டு பேருக்கும் துணி, சான்றிதழ், கொஞ்சம் பணம், கோர்ட்டு உத்தரவு. பின்பக்கப் படி இருக்கிறது. ரயில் நிலையம் பத்து நிமிடம். போன இரண்டு தடவையும் அப்படித்தான் போனார்கள்.

"வாண்டு, செருப்பைப் போடு."

வாண்டு அசையவில்லை.

"கண்ணு, அப்புறம் பேசலாம், செருப்பைப் போடு. எது வேணுமோ எடுத்துக்கோ."

"வேண்டியது எதுவும் இல்லம்மா. வேண்டாதது ஒண்ணுதான் இருக்கு." அவள் உதடு துடித்தது. "இன்னொரு ஊர் வேண்டாம்."

மெழுகு பையோடு நின்றாள். கீழேயிருந்து ரேடியோவின் குரல் கேட்டது, பேருந்து நிலையத்துக்கும் நூலகத்துக்கும் ஒரே மூச்சில் வழி கேட்டுக்கொண்டிருந்தான். அதன் நடுவே இன்னொரு குரல், எரிச்சலோடு, தள்ளு என்றது. அவளுக்குத் தெரிந்த குரல்தான்.

ஸ்டெனோ அம்மா கதவைத் தாழிட்டு, ஒரு நாற்காலியை அதன் முன்னால் போட்டு உட்கார்ந்தார். தன் போனை நீட்டினார்.

"உத்தரவு உங்க பேர்ல இருக்கு. போலீஸை நீங்கதான் கூப்பிடணும்."

"முகவரி கேப்பாங்க மேடம்."

"கேப்பாங்க."

வேலையிடத்தில்கூட அவள் முகவரி கொடுத்ததில்லை. மகளின் பள்ளியில் கொடுத்தது பொய். மெழுகு பையைத் தரையில் வைத்தாள். மகள் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்ன உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, எத்தனை நாளாகவோ அடக்கி வைத்திருந்த நடுக்கம். மெழுகு ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மறு கையால் எண்களை அழுத்தினாள்.

எதிர்முனையில் ஒரு பெண் பேசினார். மெழுகு விஷயத்தைச் சொன்னாள், உத்தரவின் எண்ணைச் சொன்னாள்.

"எங்க இருக்கீங்கம்மா? முகவரி சொல்லுங்க."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெழுகு வீதியைச் சொன்னாள், கட்டடத்தைச் சொன்னாள், மாடியைச் சொன்னாள். கதவு எண் சரியாகக் கேட்கவில்லை என்றார் அந்தப் பெண். இந்தத் தடவை சத்தமாகச் சொன்னாள்.